தாடையில்லாத மீனும் லால்குடி சொந்தக்காரங்களும்

ரெஜினா சிஸ்டரோட மேசை மேல இருக்கற பலகைல "உறுப்பு மாற்று ஒருங்கிணைப்பாளர்"னு எழுதியிருக்கும். நிஜத்துல அவங்க பாத்துக்கிட்டிருந்த வேலை பொய் சொல்றது. திருச்சியில ஒரு தனியார் ஆஸ்பத்திரியில உக்காந்து இருபத்திரண்டு வருஷமா அந்த வேலைய மனசாட்சியோட செஞ்சாங்க.

எப்படின்னா, ஒருத்தருக்கு ரெண்டு கிட்னியும் போயிடுச்சுன்னா சொந்தக்காரங்களை எல்லாம் கூப்பிட்டு உக்கார வெச்சுப் பேசுவாங்க. கூட்டத்துல எல்லாரும் "நான் தர்றேன், நான் தர்றேன்"னுதான் சொல்லுவாங்க. கூட்டம் கலைஞ்ச பத்தாவது நிமிஷம் அதுல ஒருத்தர் திரும்பி வருவாரு. "குடையை வெச்சுட்டுப் போயிட்டேன் சிஸ்டர்"ம்பாரு. குடை வெச்ச இடத்துலதான் இருக்கும். எடுத்துக்கிட்டும் கிளம்ப மாட்டாரு. ரெஜினா கதவைச் சாத்திட்டு வந்து உக்காந்து, "விருப்பம் இல்லைன்னா அது ஒண்ணும் குத்தமில்லைங்க. மேட்ச் ஆகலைன்னு நான் சொல்லிக்கறேன்"ம்பாங்க. அவ்வளவுதான், அந்த மனுஷன் முகத்துல ரத்தம் திரும்ப வரும். மாமனாருக்குக் குடுத்தே ஆகணும்னு வீட்டுல மிரட்டி அனுப்பின மருமகளுங்க எத்தனையோ பேரை "மேட்ச் ஆகல"ங்கற அந்த ரெண்டு வார்த்தை காப்பாத்தியிருக்கு.

மேட்ச் ஆகலைன்னா யாரு மேலயும் தப்பில்லை. நோயாளி அழுவாரு, சொந்தக்காரரும் கூடச் சேர்ந்து அழுவாரு, அப்புறம் ரெண்டு பேரும் சேர்ந்து கேன்டீன்ல டீ குடிப்பாங்க. உறவு அப்படியே இருக்கும்.

2038 வைகாசி மாசம் விலாங்கு ஊசி வந்துச்சு. ரெஜினா பொழப்புல மண் விழுந்துச்சு.

ஊசி வந்த சேதியை டிவில பாத்ததும் முதல் ஆளா ஓடி வந்தவரு குஞ்சிதபாதம். லால்குடியில ஒரு கல்யாண மண்டபத்துக்கு மேனேஜர், அறுபத்தி மூணு வயசு. ரெண்டு வருஷமா வாரத்துல மூணு நாள் திருச்சி வந்து டயாலிசிஸ் பண்ணிட்டுப் போறாரு. சம்சாரம் விசாலாட்சிக்கு சுகர், அதனால அவங்க குடுக்க முடியாது. ஒரே பொண்ணு குடுக்கறேன்னு ஒத்தக்கால்ல நின்னுச்சு. கைக்குழந்தைய வெச்சுக்கிட்டு அதெல்லாம் முடியாதுன்னு இவரே அடிச்சு விரட்டிட்டாரு. டயாலிசிஸ் ஊசி குத்தறதுக்காக கையில ரத்தக்குழாயை ஒட்டி வெச்சிருப்பாங்கல்ல, அந்த இடம் அவருக்கு மூணாவது தடவையா அடைச்சுக்கிட்டு வந்துச்சு. இனி ஒட்டறதுக்கு இடமில்லை, இப்படியே போனா ஒரு வருஷம் தாண்டறது கஷ்டம்னு டாக்டர் பர்வீன் பானு அவர்கிட்டயே சொல்லிட்டாங்க.

"கவலைய விடுங்க டாக்டர். என் சொந்தத்துல பதினோரு பேரு தரத் தயாரா இருந்தாங்க. மேட்ச் ஆகாததாலதான் நின்னு போச்சு"ன்னு குஞ்சிதபாதம் பெருமையா சொன்னாரு.

ரெஜினா தலையைக் குனிஞ்சுக்கிட்டாங்க. அந்தப் பதினோரு பேருல நிஜமாவே மேட்ச் ஆகாதவங்க நாலு பேருதான். மிச்சம் ஏழு பேருக்கும் மேட்ச் ஆகாம பாத்துக்கிட்டது அவங்கதான்.

அடுத்த சனிக்கிழமை பதினோரு பேரும் வந்தாங்க. குஞ்சிதபாதமே ஒவ்வொருத்தருக்கா போன் போட்டு வரச் சொல்லியிருந்தாரு. வயசு வரிசைப்படி உக்கார வெச்சாரு, அதுவும் மண்டபப் பழக்கம். டாக்டர் பர்வீன் பானு வந்து நின்னாங்க.

"நம்ம உடம்புல ஒவ்வொரு செல்லும் ஒரு அடையாள அட்டைய வெளிய நீட்டிக்கிட்டே இருக்கும். காவல்காரச் செல்லுங்க சுத்தி வந்து அதைப் பாக்கும். வேற வீட்டு அட்டைன்னு தெரிஞ்சா அடிச்சுத் துரத்தும். இன்னொருத்தர் கிட்னிய வெச்சா உடம்பு தள்ளுறது அதனாலதான். இந்த ஏற்பாடு எப்ப வந்துச்சு தெரியுமா? சுமாரா அம்பது கோடி வருஷத்துக்கு முன்னாடி. அப்ப நம்ம எல்லாருக்கும் மூதாதை மீனுதான்."

"எங்களுக்கு இல்லைங்க டாக்டர். நாங்க சைவம்"னு சொன்னாங்க செண்பகம். குஞ்சிதபாதத்தோட அக்கா, அறுபத்தாறு வயசு.

டாக்டர் அதைக் காதுல வாங்காத மாதிரி மேல சொல்லிக்கிட்டே போனாங்க. "அந்தக் காலத்து மீனுக்குத் தாடை கிடையாது. உறிஞ்சற வாய்தான். அதுல ஒரு கிளைக்குத் தாடை வந்துச்சு. கிட்டத்தட்ட அதே சமயத்துல, இடம் விட்டு இடம் தாவற ஒரு ஜீன் எங்கிருந்தோ வந்து அந்த மீனோட ஜீனுக்குள்ள உக்காந்துக்கிச்சு."

"கூப்பிடாமயே பந்தியில வந்து உக்காந்துக்கிட்டு, பொண்ணு வீடா மாப்ள வீடான்னு கேட்டா முழிப்பான் பாருங்க, அவனை மாதிரி"ன்னாரு குஞ்சிதபாதம்.

"அதேதான். ஆனா இவன் சாப்பிட்டுட்டுப் போகாம சமையல்கட்டுக்குள்ள நுழைஞ்சு வேலை பாக்க ஆரம்பிச்சுட்டான். ஜீனைத் துண்டு துண்டா வெட்டி, மாத்தி மாத்தி ஒட்டி, கோடிக்கணக்குல வேற வேற காவல்காரங்களைச் செய்யற வித்தை அவன்கிட்ட இருந்து வந்ததுதான். நாமல்லாம் அந்தக் கிளை. தாடையில்லாத கிளை இன்னொண்ணு இன்னைக்கும் கடல்ல இருக்கு, விலாங்கு மாதிரி நீளமா. அதுவும் நோயோட சண்டை போடும். ஆனா அது காவல்காரனை வேற மாதிரி செஞ்சுக்குது. நம்ம அட்டைய அவனுக்குப் படிக்கத் தெரியாது. அந்த முறையை எடுத்து நம்ம எலும்பு மஜ்ஜைக்குப் பழக்கினதுதான் இந்த ஊசி. போட்டதும் பழைய காவல்காரன் வேலைய விட்டுப் போயிடுவான். புதுசா வர்றவன் முதல் ஒரு வாரம் உடம்பைச் சுத்திப் பாத்து, உள்ள என்னென்ன இருக்கோ அதெல்லாம் நம்ம வீட்டுதுன்னு மனப்பாடம் பண்ணிக்குவான். அந்த வாரத்துல யாரு கிட்னிய வெச்சாலும் அது இவரோட கிட்னிதான்."

"யாரோடதுன்னாலுமா?" குஞ்சிதபாதத்தோட தம்பி பன்னீரு கேட்டாரு. குரல் கிணத்துக்குள்ள இருந்து வர்ற மாதிரி வந்துச்சு.

"யாரோடதுன்னாலும். ரத்த குரூப்பு கூட பாக்க வேணாம்."

குஞ்சிதபாதம் எல்லார் மூஞ்சியையும் ஆசையா பாத்துக்கிட்டு உக்காந்திருந்தாரு. பந்தி தொடங்கப் போற நேரத்துல மேனேஜர் பாக்கற பார்வை.

"தம்பிக்கு இல்லாததா"ன்னு ஆரம்பிச்சாங்க செண்பகம். "ஆனா ஒண்ணு டாக்டர். என் கிட்னி அறுபத்தாறு வருஷமா சுத்த சைவம். அதைக் கொண்டு போயி மீன் ஊசி போட்ட உடம்புல வெச்சா அது என்ன நினைக்கும்?"

"கிட்னி எதுவும் நினைக்காதும்மா."

"உங்களுக்குத் தெரியாது டாக்டர். எனக்கு முட்டை கேக் வாடையே ஆகாது."

பன்னீரு அடுத்தது. "எனக்கு ரொம்ப ஆசைதாண்ணே. ஆனா ஏழரை ஓடுது. ஏழரை ஓடற ஆளு கிட்னிய உனக்கு வெச்சு, அந்த ஏழரை உனக்கு வந்துடுச்சுன்னா?"

"எப்ப முடியுது?"

"இப்பதாண்ணே ஆரம்பிச்சிருக்கு."

சித்தப்பா மகன் கோவிந்தராசு கொஞ்சம் படிச்ச ஆளு. "டாக்டர், ஒரு சந்தேகம். அம்பது கோடி வருஷமா உடம்பு தள்ளிக்கிட்டு வந்திருக்குன்னா அதுல ஏதோ ஒரு அர்த்தம் இருக்கும்ல. நாம அவசரப்பட்டு மாத்தணுமா? ஒரு அஞ்சு வருஷம் பொறுத்துப் பாக்கலாமே."

"அஞ்சு வருஷம் பொறுத்தா நீ என் போட்டோவுக்குத்தான் மாலை போடணும்"னாரு குஞ்சிதபாதம். சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாரு. ஆனா சிரிப்பு பாதியிலயே நின்னுடுச்சு.

அப்ப கதவுகிட்ட இருந்து ஒரு குரல். "விலாங்குக்குத் தாடை இருக்கு டாக்டர். பேரைத் தப்பா வெச்சுட்டாங்க. நீங்க சொல்ற மீனு நம்ம பக்கம் கிடையாது, குளிர் கடல்ல இருக்கறது."

எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க. விசாலாட்சியோட தம்பி கலியமூர்த்தி. மீன்வளத்துறையில முப்பது வருஷம் இருந்துட்டு போன வருஷம்தான் ஓய்வு வாங்கினாரு. அக்காவைக் காருல கொண்டு வந்து விட வந்தவரு, உள்ள வந்து உக்காராம நிலைப்படியிலயே சாஞ்சு நின்னுக்கிட்டிருந்தாரு.

"வந்துட்டாரு மீன் வாத்தியாரு"ன்னாரு குஞ்சிதபாதம்.

"மீனைப் பத்திப் பேசறதாலதான் சொன்னேன் அத்தான். சாம்பாரைப் பத்திப் பேச்சு வந்தா நான் வாயைத் தொறக்க மாட்டேன்."

"போதும் ரெண்டு பேரும்"னு விசாலாட்சி அதட்டினாங்க. கூட்டம், யோசிச்சுச் சொல்றோம்னு கலைஞ்சுச்சு.

அன்னைக்கு ரெஜினா ரூமுல மறந்து விட்டுப் போன சாமானைச் சொல்லி மாளாது. மூணு குடை, ஒரு மூக்குக்கண்ணாடிக் கூடு, தண்ணி பாட்டில், டிபன் பாக்ஸ், பல்செட்டு வெக்கற டப்பா. வெளிய வராண்டாவுல ஒரு வரிசையே நின்னுச்சு. ஒருத்தரை ஒருத்தர் பாக்காத மாதிரி சுவத்துல இருக்கற தடுப்பூசி அட்டவணையைப் படிச்சுக்கிட்டிருந்தாங்க.

"என்ன அத்தை, நீங்களும் இங்கயா?"

"கண்ணாடிக் கூடு விட்டுப் போச்சுப்பா. உனக்கு?"

"பாட்டிலு."

ஒவ்வொருத்தரா உள்ள வந்தாங்க. ரெஜினா ஒவ்வொருத்தர்கிட்டயும் ஒரே பதிலைத்தான் சொல்ல வேண்டியிருந்துச்சு. "எல்லாருக்கும் பொருந்தும்னு டிவிக்காரனே சொல்லிட்டான். இப்ப நான் மேட்ச் ஆகலைன்னு சொன்னா யாரு நம்புவா? விருப்பம் இல்லைன்னா அவர்கிட்டயே நேரா சொல்லிடுங்க. அது உங்க உரிமை."

"அது எப்படி சிஸ்டர் நேரா சொல்றது? கூடப் பொறந்த அண்ணனாச்சே"ன்னாரு பன்னீரு. அவரு கண்ணு கலங்கியிருந்துச்சு. நடிப்பில்லை. ஆபரேஷன்னா அவருக்கு அவ்வளவு பயம். நல்ல மனுஷன்தான்.

நேரா யாரும் சொல்லல. சொல்ல முடியாததால என்ன பண்ணாங்க, வர்றதையே நிறுத்திட்டாங்க.

முன்னாடில்லாம் குஞ்சிதபாதம் டயாலிசிஸ் கட்டில்ல படுத்திருந்தா சுத்தி ஆளு இருக்கும். ஒருத்தர் இட்லி, ஒருத்தர் புளியோதரை, யாரு செஞ்சது நல்லாருக்குன்னு ஒரு பஞ்சாயத்து. "இவ்வளவு ஜனம் வரக்கூடாது"ன்னு நர்சுங்க கத்துவாங்க. இப்ப அந்தக் கட்டிலைச் சுத்தி மெஷின் மட்டும்தான். செண்பகம் காசிக்குப் போயிட்டாங்க. பன்னீரு போனு எப்ப அடிச்சாலும் அணைச்சே இருக்கு. குடும்ப வாட்ஸ்அப் குரூப்புல காலை வணக்கம் கூட நின்னு போச்சு. விசாலாட்சிய கொண்டாந்து விட கலியமூர்த்தி மட்டும் காரோட வருவாரு. அவரும் உள்ள வர மாட்டாரு, வாசல்லயே நின்னுக்குவாரு.

ரெண்டு மாசம் கழிச்சு ஒரு நாள் ரெஜினா வார்டுக்குள்ள போனப்ப குஞ்சிதபாதம் கையைக் காட்டிக் கூப்பிட்டாரு.

"நேத்து கோவிந்தராசுவை கடைத்தெருவுல பாத்தேன் சிஸ்டர். என்னைப் பாத்ததும் பக்கத்துல இருந்த கடைக்குள்ள நுழைஞ்சுட்டான். ஜாக்கெட் துணி விக்கற கடை. அரை மணி நேரம் வெளிய வரல. நானும் பஸ் ஸ்டாப்புலயே நின்னு பாத்துக்கிட்டிருந்தேன். கடைசியில ரெண்டு மீட்டர் பச்சைத் துணி வாங்கிட்டு வர்றான். அவன் பொண்டாட்டி போயி ஏழு வருஷம் ஆச்சு."

ரெஜினாவுக்கு சிரிக்கறதா என்னன்னு தெரியல.

"எனக்கு ஒரு உதவி பண்ணுங்க சிஸ்டர். அந்த ஊசி எனக்கு ஒத்துக்காதுன்னு சொல்லிடுங்க."

"உங்களுக்கு நல்லா ஒத்துக்கும்னு ரிப்போர்ட் வந்திருக்கே சார்."

"அது உங்களுக்கும் எனக்கும் டாக்டருக்கும்தானே தெரியும்."

இருபத்திரண்டு வருஷத்துல அந்தப் பொய்யைக் கேட்டு வந்தவங்க எல்லாரும் குடுக்க வேண்டியவங்க. வாங்க வேண்டியவரு வந்து கேக்கறது இதுதான் முதல் தடவை. ரெஜினா ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காந்தாங்க.

"உங்களுக்கு கிட்னி வேணாமா?"

"வேணும். ஆனா தர மாட்டாங்க. தெரிஞ்சு போச்சு. தெரியாமயே இருந்திருக்கலாம்." தலையணையை நிமித்தி வெச்சுக்கிட்டாரு. "மண்டபத்துல முப்பது வருஷமா பாக்கறேன் சிஸ்டர். கல்யாணத்துக்கு வராதவன் அடுத்த வாரம் வந்து, மழை பேஞ்சுச்சு, பஸ்ஸு இல்லைம்பான். மழையே பேஞ்சிருக்காது. நாமளும் ஆமாமா, இங்கயும் சரியான மழைன்னு சொல்லணும். சொன்னாத்தான் அவன் அடுத்த கல்யாணத்துக்கு வருவான். இந்தப் பாழாப்போன ஊசி வந்து மழையையே நிறுத்திடுச்சு. எனக்கு இருக்கறதே ஒரு வருஷம். அதை மெஷினோட உக்காந்து ஓட்ட முடியாது சிஸ்டர்."

"வீட்டம்மாவுக்குத் தெரியுமா?"

"அவளுக்குத் தெரியாம எப்படி? ரெண்டு நாள் பேசல. அப்புறம் சரின்னுட்டா."

நோயாளி விவரத்தை நோயாளி சம்மதம் இல்லாம வெளிய சொல்லக் கூடாதுங்கறது சட்டம். அந்தச் சட்டத்தைப் பிடிச்சுக்கிட்டு டாக்டர் பர்வீன் பானு, "நான் பொய் சொல்ல மாட்டேன். ஆனா யாரு கேட்டாலும் பதிலும் சொல்ல மாட்டேன்"னுட்டாங்க. அது போதும். குஞ்சிதபாதம் அன்னைக்கு சாயங்காலமே குரூப்புல போட்டாரு: "எனக்கு ஊசி ஒத்துக்கவில்லையாம். இறைவன் சித்தம்."

அடுத்த டயாலிசிஸ் அன்னைக்கு வார்டுல நிக்க இடமில்லை. காசியில இருந்து செண்பகம் வந்தாச்சு, கையில கங்கை சொம்பு. பன்னீரு எலுமிச்சம் சாதம் கொண்டு வந்திருந்தாரு. உப்பு கூடாதேன்னு தனியா செஞ்சு வாங்கியிருந்தாரு. அண்ணன் காலைப் பிடிச்சுக்கிட்டு நிஜமாவே அழுதாரு.

"எனக்கு விதிச்சது அவ்வளவுதாண்ணே. ஏழரையாவது மண்ணாவது, குடுத்துடலாம்னுதான் இருந்தேன்."

"நீ என்ன குடுக்கறது? நான் காசியில விசுவநாதர்கிட்டயே சொல்லிட்டு வந்துட்டேன், ஊருக்குப் போனதும் முதல் வேலையா குடுத்துடறேன்னு"னாங்க செண்பகம்.

"நான் லீவே எழுதிக் குடுத்துட்டேன்"னாரு கோவிந்தராசு.

குஞ்சிதபாதம் தலையணையில சாஞ்சுக்கிட்டு எல்லாத்தையும் கேட்டுக்கிட்டிருந்தாரு. முகத்துல அப்படி ஒரு தெளிவு. சண்டையில்லாம ஒரு முகூர்த்தம் முடிஞ்ச மாதிரி.

அப்ப நிலைப்படியில இருந்து கலியமூர்த்தி பேசினாரு. "இவ்வளவு பேரு மனசுல இவ்வளவு இருந்திருக்கு, எங்க யாருக்கும் தெரியலயே. எழுத்துல குடுத்துட்டா அத்தான் பாத்து சந்தோசப்படுவாரு. சிஸ்டர், சம்மத ஃபாரம் ஏதாவது இருக்குமா?"

ரெஜினா முறைச்சாங்க. ஆனா செண்பகம் விடல. "குடுங்க சிஸ்டர். எழுத்துல இருக்கட்டும். நாளைக்கு யாரும் ஒரு வார்த்தை சொல்லக் கூடாது." அப்புறம் என்ன, வார்டே திருமணப் பதிவு ஆபீஸ் மாதிரி ஆயிடுச்சு. பேனாவுக்கு அடிதடி. நான் முதல்ல, நான் முதல்லன்னு பதினோரு பேரும் கையெழுத்துப் போட்டாங்க.

சாயங்காலம் ரெஜினா தன் ரூமுல அந்த ஃபாரத்தை எல்லாம் மேசையில பரப்பி வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தாங்க. நிஜமான ஃபாரம், நிஜமான கையெழுத்து. அங்க ஒருத்தருக்கு ஊசி ஒத்துக்கும், இங்க பதினோரு சம்மதம் இருக்கு. ஒரே ஒரு போன் போட்டா ஒரு மனுஷன் பொழைச்சுக்குவாரு. ஆனா பொய்யை நம்பிப் போட்ட கையெழுத்து அது. மழைச் சாக்கை நம்பி வெளிய வந்தவங்களை வெயில்ல பிடிச்சுக் கட்டற மாதிரி. அவங்க கை போனுக்குப் போச்சு, திரும்பி வந்துச்சு, மறுபடி போச்சு.

ஃபாரத்துல கடைசியா ஒரு வரி இருக்கும். "மருத்துவ நிலை மாறினால் என்னை அழைக்கலாம்: ஆம் / இல்லை." ரெஜினா அதைப் பாக்க ஆரம்பிச்சாங்க. செண்பகம் ரெண்டையும் டிக் பண்ணியிருந்தாங்க. பன்னீரு ஆம் போட்டுட்டு, போன் நம்பர்ல ஒரு எண்ணை விட்டிருந்தாரு. கோவிந்தராசு "கலந்தாலோசித்து" அப்படின்னு எழுதியிருந்தாரு, யாரோடன்னு இல்லை. ஒருத்தர் "ஆடி கழிந்து" அப்படின்னு, எந்த வருஷ ஆடின்னு சொல்லாம.

எண்ணிப் பாத்தா பன்னண்டு ஃபாரம் இருந்துச்சு.

பன்னண்டாவதுல ஆம் மட்டும் டிக். ரெண்டு போன் நம்பர், பக்கத்து வீட்டுக்காரர் நம்பர் ஒண்ணு, "மதியம் ரெண்டு முதல் மூணு வரை தூங்குவேன், பரவாயில்லை எழுப்பலாம்"னு ஒரு குறிப்பு. பின்னாடி ஸ்கேன், ரத்தம், சிறுநீர் எல்லாப் பரிசோதனை ரிப்போர்ட்டும் குத்தியிருந்துச்சு. ரிப்போர்ட் தேதி, முதல் கூட்டம் நடந்ததுக்கு மூணாவது நாள். பேரு கலியமூர்த்தி.

ரெஜினா உடனே போன் போட்டாங்க.

"சொல்லுங்க சிஸ்டர். அத்தானுக்கு ஊசி ஒத்துக்கலைங்கறது பொய்தானே?"

"யாரு சொன்னாங்க?"

"யாரும் சொல்லல. அந்தச் சேதியை அக்கா எனக்கு போன்ல சொன்னப்ப அழல. சொல்லிட்டு, வர்றப்ப கறிவேப்பிலை வாங்கிட்டு வாடான்னா."

ரெஜினா பேச்சை மாத்தினாங்க.

"டெஸ்ட் எல்லாம் எடுத்து வெச்சிருக்கீங்களே, அப்பவே சொல்லியிருக்கலாம்ல?"

"என்னை யாரு கேட்டா சிஸ்டர்? பதினோரு பேருக்கு போன் போட்டாரு. எனக்குப் போடல. நான் அக்காவுக்கு டிரைவரா வந்தவன். கேக்காம எப்படிக் குடுக்கறது, அது என்ன பிச்சையா?" அவருக்குக் குரல் ஏறுச்சு. "ஒன்பது வருஷம் முன்னாடி அவரு பொண்ணு கல்யாணம். நான் தாய்மாமன். எனக்குப் பத்திரிகைய கொரியர்ல அனுப்பினாரு. ஊர்ல இருக்கறவன் கல்யாணத்தை எல்லாம் நடத்தி வெக்கற மனுஷன், தாய்மாமனுக்கு கொரியர். கையெழுத்துப் போட்டு வாங்கினேன் சிஸ்டர். அன்னையில இருந்து அவரு வீட்டு நிலையை நான் தாண்டறதில்லை. தட்டு வெச்சு, வாயால கேக்கணும். கேட்டா வர்றேன்."

மறுநாள் ரெஜினா இதை அப்படியே சொன்னதும் குஞ்சிதபாதம் கட்டில்ல எழுந்து உக்காந்துட்டாரு.

"முடியாது சிஸ்டர். அவன் கிட்னிய வெச்சுக்கிட்டு நான் காலம் பூரா அவன் பேச்சைக் கேக்கணும். டயாலிசிஸே தேவலை."

விசாலாட்சி பக்கத்துல உக்காந்து ஆப்பிள் நறுக்கிக்கிட்டிருந்தாங்க. கத்தியைக் கீழ வெச்சாங்க. "ஏன் கொரியர்ல அனுப்பினீங்க?"

"அன்னைக்கு மண்டபத்துல மூணு முகூர்த்தம்டி. அலைய முடியல. நம்ம ஆளுதானே, கோவிச்சுக்க மாட்டான்னு நெனச்சேன்."

"இதை அவன்கிட்ட ஒரு நாளாவது சொல்லியிருக்கீங்களா?"

அவரு ஒரு ஆப்பிள் துண்டை எடுத்து வாயில போட்டுக்கிட்டாரு. விசாலாட்சி மறுபடி ஆப்பிளை நறுக்க ஆரம்பிச்சாங்க. "புதன்கிழமை நாள் நல்லாருக்கு. வெத்தலை பாக்கு நான் வாங்கறேன்."

புதன்கிழமை புள்ளம்பாடியில கலியமூர்த்தி வீட்டுக்கு மூணு பேரும் போனாங்க. ரெஜினா முதல்ல வர்றதா இல்லை. சண்டை வந்தா விலக்க ஆளு வேணும்னு விசாலாட்சிதான் இழுத்துட்டுப் போனாங்க. கலியமூர்த்தி சலவை வேட்டி கட்டிக்கிட்டு வாசல்லயே நின்னாரு. "வாங்க அத்தான். வாக்கா."

உள்ள போயி உக்காந்ததும் குஞ்சிதபாதத்துக்கு வாய் வரல. தண்ணி குடிச்சுச் சமாளிக்கலாம்னா தண்ணியும் அளவு. கலியமூர்த்தி ஒத்தாசையா ஒரு வார்த்தை பேசல. கடைசியில குஞ்சிதபாதம் எழுந்து நின்னு, தட்டை ரெண்டு கையாலயும் எடுத்து, அவருக்குத் தெரிஞ்ச ஒரே பாஷையில ஆரம்பிச்சாரு.

"நிகழும் ஆவணி மாசம் பத்தாம் தேதி வியாழக்கிழமை காலை ஆறு மணிக்கு மேல், எனக்கு கிட்னி வெக்கறதா டாக்டருங்க நிச்சயிச்சிருக்காங்க. அதுசமயம் தாங்கள் தங்கள் சுற்றமும் நட்பும் சூழ..."

"சூழ வேணாம். தனியா வந்தா போதும்"னாங்க விசாலாட்சி.

"...வந்திருந்து நடத்திக் கொடுக்கணும் மாப்ள. அன்னைக்கு நான் நேர்ல வராதது தப்பு."

கலியமூர்த்தி தட்டை வாங்கிக் கண்ணுல ஒத்திக்கிட்டாரு. "வர்றேன் அத்தான்." அவ்வளவுதான் பேசினாரு. மூக்கை மட்டும் ரெண்டு தடவை உறிஞ்சினாரு.

கொஞ்ச நேரம் கழிச்சு குஞ்சிதபாதத்துக்கு வேற கவலை வந்துடுச்சு. "நீ குடுத்தா ஊசி எனக்கு ஒத்துக்கிச்சுன்னு எல்லாருக்கும் தெரிஞ்சுடுமே மாப்ள. பன்னீரு செத்தே போயிடுவான். பூரா பேரும் மறுபடி ஓடிடுவாங்க."

"உங்களுக்கு ஊசி ஒத்துக்காது. அதுல மாத்தமே இல்லை"ன்னாரு கலியமூர்த்தி. "ஆனா முப்பது வருஷம் மீனோடயே கெடந்தவன் கிட்னின்னா மட்டும் ஒத்துக்குதாம். மீன் ஊசி, மீன்கார கிட்னி. சொல்லிப் பாருங்க."

"அறிவியல்படி அது..."ன்னு ஆரம்பிச்சாங்க ரெஜினா.

"யாரு சிஸ்டர் கேக்கப் போறா?"

குஞ்சிதபாதம் அங்கயே குரூப்புல போட்டாரு. ரெண்டாவது நிமிஷம் செண்பகம் போன்ல வந்துட்டாங்க, ரூமுக்கே கேக்கற குரல்ல. "நான் அன்னைக்கே சொன்னேன்ல, சைவ கிட்னி ஆகாதுன்னு. டாக்டரு கேட்டாளா?" பன்னீரு அழுதுக்கிட்டே, ஆஸ்பத்திரியில கூட இருந்து ரெண்டு பேரையும் பாத்துக்கறது தன் பொறுப்புன்னாரு. அதைச் சொன்னபடி செஞ்சாரும் கூட, பதினாறு நாள், ஒரு ராத்திரி விடாம. கோவிந்தராசு தாடையில்லாத மீன் படத்துக்கு மாலை போட்டு குரூப்புல அனுப்பியிருந்தாரு.

ரெஜினா கிளம்பி வெளிய வந்து செருப்பை மாட்டறப்ப கலியமூர்த்தி பின்னாலயே வந்தாரு. குரலைத் தாழ்த்திக்கிட்டாரு.

"சிஸ்டர், ஒரே ஒரு சந்தேகம்."

பயம் வந்துடுச்சு போலன்னு ரெஜினா நினைச்சாங்க. வேணாம்னாருன்னா என்ன சொல்றதுன்னு அதுக்குள்ள யோசிக்கவும் ஆரம்பிச்சாங்க.

"ஒரு தடவை உள்ள வெச்சுட்டா, அத்தான் உடம்பு அதைத் தள்ளவே தள்ளாதா?"

"தள்ளாதுங்க. அவரோட சொந்தக் கிட்னி மாதிரிதான்."

"அவரே நினைச்சாலும்?"

"அவரே நினைச்சாலும் முடியாது."

கலியமூர்த்தி வேட்டியை மடிச்சுக் கட்டினாரு.

"நல்லதாப் போச்சு. உள்ளயே இருக்கறவனுக்கு இனிமே யாரும் பத்திரிகை வெக்க வேண்டியதில்லை"ன்னு சொல்லிட்டு, அத்தானுக்கு அளந்து ஊத்தி வெச்ச அரை டம்ளர் காபி ஆறிடும்னு உள்ள போனாரு.